டோரிபாஷ்: குத்து தலையில் சரியாக விழுது, ஆனா பலம் இல்லை. எந்த மூட்டை எப்போ மாத்தணும்?

புதுடோரி:

வணக்கம். டோரிபாஷில் (பொம்மை உடம்போட மூட்டுகளை ஒவ்வொண்ணா மாத்திச் சண்டை போடற கணினி விளையாட்டு) குத்தைப் பற்றி ஒரு கேள்வி. கிளாசிக் மோட் (விதித் தொகுப்பு), டர்னுக்கு 10 ஃப்ரேம், அதாவது மூட்டுகளை மாத்தி ஸ்பேஸ் அடிச்சா ஆட்டம் 10 ஃப்ரேம் ஓடி நிக்கும். ஃப்ரீ ப்ளேவில் (தனியா பழகுற ஆட்டம்) ஊக்கேவை வெச்சுத்தான் பழகுறேன். டோரி என் பொம்மை, ஊக்கே எதிராளி பொம்மை.

நான் செய்யறது இதுதான். முதல்ல சி (C) விசையை அழுத்தி எல்லா மூட்டையும் ஹோல்ட் (இறுக்கி நிறுத்துறது). அப்புறம் ஒரே டர்னில் வலது பெக் (கையை முன்னும் பின்னும் வீசுற மார்புப் பக்க மூட்டு) கான்ட்ராக்ட் (மடக்கு), வலது முழங்கை எக்ஸ்டெண்ட் (நீட்டு), மார்பு இடது பக்கம் திருப்பு, ஆப்ஸ் (வயிறு) கான்ட்ராக்ட், ரெண்டு முழங்காலும் எக்ஸ்டெண்ட். கோஸ்டைப் (உடம்பு அடுத்து எங்கே போகும்னு காட்டுற நிழலுருவம்) பார்த்தா வலது கை நேரா ஊக்கே தலைக்குப் போகுது. ஸ்பேஸ் அடிச்சா தலையில் படவும் படுது. ஆனா தலை லேசா ஆடுது, அவ்வளவுதான். கழுத்து கழறவே இல்லை. சில தடவை என் டோரிதான் அடிச்ச வேகத்தில் பின்னாடி சாயுது.

கேட்க நினைக்கிறது:
ஒரு குத்துக்கு எத்தனை மூட்டு மாத்தணும்?
குத்துக்குச் சம்பந்தம் இல்லாத மூட்டு ஹோல்டில் இருக்கணுமா, ரிலாக்ஸிலா (தளர்ந்து)?
முழங்கையை எந்த ஃப்ரேமில் நீட்டணும்?
அடிக்கிறது நான், ஆனா சில நேரம் என் கைதான் மணிக்கட்டோட பிய்ஞ்சு போகுது. ஏன்?

---

ஃப்ரேம்கணக்கு:

நீங்க எழுதின பட்டியலிலேயே காரணம் இருக்கு: "ஒரே டர்னில்". மூட்டுகள் சரியாத்தான் தேர்ந்தெடுத்திருக்கீங்க, வரிசைதான் இல்லை.

டோரிக்கு 20 மூட்டு. கழுத்து, மார்பு, லம்பர் (கீழ்முதுகு), ஆப்ஸ் நாலும் நடுவில். ரெண்டு பக்கமும் பெக், தோள், முழங்கை, மணிக்கட்டு, குளூட் (காலைப் பக்கவாட்டில் அசைக்கிறது), ஹிப் (தொடையை முன்னும் பின்னும் அசைக்கிறது), முழங்கால், கணுக்கால். ஒவ்வொண்ணுக்கும் பின்னால ஒரு மோட்டார் இருக்கிறதா நினைச்சுக்கோங்க. இந்த விளையாட்டுக்கு அடியில் ஓடுறது ஓப்பன் டைனமிக்ஸ் எஞ்சின்ங்கிற இயற்பியல் மென்பொருள். அதில் மூட்டு மோட்டாருக்கு ரெண்டு எண் முக்கியம்: எந்த வேகத்தை எட்டணும், அதுக்கு அதிகபட்சம் எவ்வளவு விசை கொடுக்கலாம். சுமை குறைவா இருந்தா வேகத்தைச் சட்டுனு எட்டிடும். சுமை அதிகம்னா மெதுவாத்தான் ஏறும். எல்லையைத் தொட்டதும் அந்த மூட்டு நின்னுடும், அதுக்கு மேல அதுகிட்ட இருந்து ஒண்ணும் கிடைக்காது.

இதை வெச்சு உங்க குத்தைப் பாருங்க. டோரி தொடக்கத்தில் நிற்கும்போதே கைகள் ரெண்டு பக்கமும் விரிஞ்சு, கிட்டத்தட்ட நீட்டின நிலையில்தான் இருக்கு. முழங்கையை எக்ஸ்டெண்ட் பண்ணினா அது போறதுக்கு இடமே கொஞ்சம்தான். சில ஃப்ரேமில் எல்லையைத் தொட்டு நின்னுடும். அதுக்கப்புறம் நீளமான, நேரான, கனமான ஒரு கையைப் பெக் ஒண்ணே தனியா சுத்த வேண்டியிருக்கு. மார்பு அப்போதான் திரும்பவே ஆரம்பிக்குது, ஏன்னா அது மேலுடம்பு முழுக்கத் தூக்கித் திருப்பணும். ஆக கை தலையைத் தொடுற நேரத்தில் முழங்கை வேலையை முடிச்சாச்சு, மார்பு வேலையைத் தொடங்கவே இல்லை. பெக் மட்டும்தான் அடிக்குது.

சுழற்சியில் ஒரு கணக்கு உண்டு. ஒரு எடையைச் சுழல் மையத்தில் இருந்து ரெண்டு மடங்கு தூரத்தில் வெச்சா அதைச் சுத்தத் தொடங்குறது நாலு மடங்கு கஷ்டம். ஆனா ஒரே சுழல் வேகத்தில் அதோட நுனி வேகம் ரெண்டு மடங்கு. அதனால சுத்தத் தொடங்கும்போது கை மடிஞ்சிருக்கணும், அடி விழறப்போ நீண்டிருக்கணும். நுனி வேகம் ரெண்டு மடங்கானா அடியில் இறங்குற ஆற்றல் நாலு மடங்கு. குத்தோட பலம் முழுக்க இந்த மடிப்புக்கும் நீட்டலுக்கும் நடுவில்தான் இருக்கு.

வலது கை வளைகுத்து ஒண்ணைப் படிப்படியா எழுதறேன். திசை சந்தேகம் வந்தா மூட்டைத் தொட்டு கோஸ்டைப் பாருங்க, பேரை நம்பாதீங்க. மார்புக்கும் லம்பருக்கும் இடது வலது குழப்பம் எல்லாருக்கும் வரும்.

0-ம் ஃப்ரேம். சி அழுத்தி எல்லாம் ஹோல்ட். பிறகு வலது பெக் எக்ஸ்டெண்ட் (கை பின்னாடி போகும்), வலது முழங்கை கான்ட்ராக்ட், வலது தோள்பட்டை பின்வாங்குற மாதிரி மார்பைத் திருப்புங்க. இடது ஹிப் கான்ட்ராக்ட், வலது ஹிப் எக்ஸ்டெண்ட். இடது கால் முன்னாடி போகும், உடம்பு ஊக்கே பக்கம் சாயும். இந்த டர்ன் முழுக்க ஓங்குறதுக்கும் இடைவெளியைக் குறைக்கிறதுக்கும்தான்.

10-ம் ஃப்ரேம். வலது பெக்கையும் முழங்கையையும் ஹோல்ட் ஆக்குங்க. ஓங்கின கை அப்படியே நிக்கட்டும். வலது முழங்கால் எக்ஸ்டெண்ட், வலது கணுக்கால் எக்ஸ்டெண்ட். பின்னங்கால் தரையைத் தள்ளும். இடது ஹிப் ஹோல்ட்.

20-ம் ஃப்ரேம். இடது பாதம் தரையைத் தொட்டிருக்கணும். தொடலைன்னா முன்னாடி டர்னுக்குப் போய் இடது ஹிப்பைச் சரி பண்ணுங்க, மேல போகாதீங்க. தொட்டிருந்தா இடது முழங்கால் ஹோல்ட், மார்பை எதிர்ப்பக்கம் திருப்புங்க. வலது தோள்பட்டை முன்னாடி வர ஆரம்பிக்கும். பெக் இன்னும் ஹோல்டில்தான். பெக்கை இங்கேயே விட்டுடணும்னு கை துறுதுறுக்கும், விடாதீங்க.

30-ம் ஃப்ரேம். மார்பு வேகம் பிடிச்சாச்சு. இப்போ பெக் கான்ட்ராக்ட். முழங்கை மடிஞ்ச நிலையில் ஹோல்ட்.

இனிமே ஸ்பேஸ் வேண்டாம், ஷிப்ட் ஸ்பேஸ். ஒரு தடவைக்கு ஒரே ஃப்ரேம் நகரும். கை முஷ்டிக்கும் ஊக்கே தலைக்கும் இடைவெளி ஏறக்குறைய ஒரு முன்கை நீளம் இருக்கும்போது முழங்கை எக்ஸ்டெண்ட். அது முழுசா நீளறதுக்குக் கொஞ்சம் முன்னாடி தலையில் படணும். முழுசா நீண்ட பிறகு பட்டா தாமதம். பாதி மடிப்பில் பட்டா அவசரம்.

முழங்கை முழு மடிப்பில் இருந்து முழு நீட்டலுக்கு எத்தனை ஃப்ரேம் எடுக்குதுன்னு நீங்களே எண்ணிடுங்க. ஊக்கேவை விட்டு விலகி நின்னு, மடிச்சு ஹோல்ட் பண்ணி, எக்ஸ்டெண்ட் கொடுத்து, ஷிப்ட் ஸ்பேஸ் எத்தனை தட்டுன்னு பாருங்க. கை சும்மா நிக்கும்போது ஒரு எண் வரும், மார்பு சுத்திக்கிட்டு இருக்கும்போது வேற எண் வரும். ரெண்டாவதுதான் உங்களுக்கு வேணும். முழங்காலுக்கும் இதே மாதிரி எண்ணி வெச்சுக்கோங்க, உதைக்குத் தேவைப்படும்.

உங்க முதல் கேள்விக்குப் பதில்: மூட்டு எண்ணிக்கையில் ஒண்ணும் இல்லை. மேலே இருக்கிற குத்தில் ஒரு டர்னுக்கு அஞ்சு மூட்டுக்கு மேல எங்கேயும் மாறலை, 30-ம் ஃப்ரேமில் ஒண்ணே ஒண்ணுதான்.

---

சாய்வுகோணம்:

மேலே சொன்ன வரிசை சரி. "டோரி பின்னாடி சாயுது" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாதி பலம் அங்கேதான் வீணாகிறது.

பெக் கையை முன்னே தள்ளும்போது அதே விசையால் மார்பைப் பின்னே தள்ளுகிறது. மார்பு மேலுடலைத் திருப்பும்போது இடுப்பை எதிர்ப்பக்கம் திருப்புகிறது. அந்த எதிர்விசை கடைசியில் எங்காவது போய்ச் சேர வேண்டும். பாதம் தரையில் ஊன்றியிருந்தால் தரை தாங்கிக்கொள்ளும். பாதம் வழுக்கினாலோ காற்றில் இருந்தாலோ உடலே எதிர்ப்பக்கம் சுழலும், கை அந்த அளவுக்கு மெதுவாகும்.

நீங்கள் இரண்டு முழங்காலையும் ஒரே நேரத்தில் எக்ஸ்டெண்ட் செய்கிறீர்கள். அது உடலை மேல்நோக்கி எம்பச் செய்கிறது. எம்பிய கணத்தில் பாதத்தின் மேல் எடை குறைகிறது, எடை குறைந்தால் உராய்வு குறைகிறது. சரியாக அந்த நேரத்தில் மார்பைத் திருப்பினால் பாதங்கள் வழுக்கும். இதைக் கண்ணால் பார்க்கலாம்: ரீப்ளேயில் கேமராவைப் பாதத்துக்கு அருகே இறக்கி, மெதுவாக நகர்த்துங்கள். குத்து தொடங்கும் ஃப்ரேமில் வலது குதிகால் வெளிப்பக்கம் சறுக்குவது தெரியும். பலர் கையையே பார்த்துக்கொண்டிருப்பதால் இதைக் கவனிப்பதில்லை.

தீர்வு, பின்னங்கால் மட்டும் தள்ள வேண்டும், முன்னங்கால் ஹோல்டில் தூணாக நிற்க வேண்டும். முன்னங்காலின் முழங்கால் கொஞ்சம் மடிந்த நிலையில் ஹோல்ட் ஆனால் இன்னும் நல்லது. இடுப்பு தாழ்வாக இருக்கும், சாய்வு குறையும்.

இடது கையையும் மறக்க வேண்டாம். வலது பெக் கான்ட்ராக்ட் ஆகும் அதே டர்னில் இடது பெக்கை எக்ஸ்டெண்ட் செய்யுங்கள். இடது கை பின்னால் வீசும்போது அதன் எதிர்விசை மேலுடலின் இடது பக்கத்தை முன்னே தள்ளும் என்பது உண்மை. ஆனால் மேலிருந்து பார்த்தால் இரண்டு கைகளும் ஒரே சுழல் திசையில் போகின்றன, அதனால் இரண்டின் எதிர்விசையும் சேர்ந்து மார்பின் திருப்பத்தைத் தடுக்கும். ஆகவே இதை மார்பு ஏற்கெனவே வேகம் பிடித்து, இரண்டு பாதமும் ஊன்றியிருக்கும் குத்தில் மட்டும் செய்ய வேண்டும். அடிக்குப் பிறகு முகம் குப்புற விழாமல் இருக்க இந்தப் பின்வீச்சு உதவும்.

ஒற்றைக் காலில் நின்று உதைக்கும்போது கணக்கு நேர் எதிர். அங்கே ஊன்றிய பாதம் ஒன்றுதான், உராய்வு போதாது. வலது கால் இடப்பக்கமாக வீசினால் மேலுடல் வலப்பக்கமாகச் சுழல வேண்டும், கைகளும் அதே வலப்பக்கம் வீச வேண்டும். கைகள் அந்த எதிர்விசையை வாங்கிக்கொண்டால் ஊன்றிய பாதம் அசையாது. கைகளை ஹோல்டில் விட்டு உதைத்தால் உடல் மொத்தமாக முறுக்கிக்கொண்டு விழுவது இதனால்தான்.

உதையின் வரிசையும் குத்தைப் போலவே உள்ளிருந்து வெளியே: முதலில் லம்பர் ஊன்றிய காலின் பக்கம் சாய வேண்டும், அடுத்து குளூட் காலைப் பக்கவாட்டில் தூக்க வேண்டும், பிறகு ஹிப், கடைசியில் முழங்கால். முழங்கால் மடிந்தபடியே தொடை பாதி தூரம் வந்த பின்தான் நீட்ட வேண்டும். கணுக்கால் ஆரம்பம் முதல் ஹோல்ட். ரிலாக்ஸில் இருந்தால் பாதம் தொங்கி, பட்டவுடன் மடங்கிவிடும்.

---

கணுக்கால்:

நாலாவது கேள்வி, கை பிய்யறது.

மோதல்னா ரெண்டு பக்கமும் அதே விசைதான். ஊக்கே தலைக்குக் கொடுக்கிற அடி உங்க கை முஷ்டிக்கும் வரும். முஷ்டி சின்ன உறுப்பு, மணிக்கட்டில் தொங்கிக்கிட்டு இருக்கு. மணிக்கட்டு ரிலாக்ஸில் இருந்தாலோ, முஷ்டி பக்கவாட்டில் பட்டாலோ முதல்ல போறது அதுதான்.

மணிக்கட்டு எப்பவும் ஹோல்ட். அடிக்கிற இடத்தை முஷ்டியில் இருந்து முன்கைக்கு மாத்துங்க. முன்கையோட கடைசி மூணில் ஒரு பங்கு தலையில் படணும். நுனி வேகம் கொஞ்சம் குறையும், ஆனா பின்னாடி எடை கூடும், மணிக்கட்டும் தப்பிக்கும். இதுக்கு ஊக்கேகிட்ட ஒரு கை அகலம் கூடுதலா நெருங்கணும், அதாவது 0-ம் ஃப்ரேமில் இடது கால் இன்னும் கொஞ்சம் முன்னாடி.

தலை கழறணும்னா தலையை நேர் முன்னாடி இருந்து தள்ளாதீங்க. காதுக்கு மேல, பக்கவாட்டில், கழுத்துக்குச் செங்குத்தா அடிங்க. கீழிருந்து மேலா போற கை வழுக்கிக்கிட்டுப் போயிடும், தலையில் பட்ட மாதிரி தெரியும், விசை இறங்காது. தோளைக் கொஞ்சம் உயர்த்தி ஹோல்ட் பண்ணினா கை தரைக்கு இணையா வரும். உங்க ரீப்ளேயைப் பார்க்காமலே சொல்றேன், கை தலையின் மேல்பாதியில் பட்டு மேல ஏறிப் போயிருக்கும். அப்படின்னா தோள்தான் காரணம்.

---

ஃப்ரேம்கணக்கு:

ரெண்டாவது கேள்வியை விட்டுட்டேன், ஹோல்டா ரிலாக்ஸான்னு.

ஹோல்ட்னா மூட்டு அப்போ இருக்கிற கோணத்தில் இறுகி நிக்கும். இறுகின மூட்டுக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற எடை ஒண்ணா வேலை செய்யும். முன்கை, மேற்கை, மார்பு மூணுக்கும் நடுவில் இருக்கிற மூட்டுகள் இறுக்கமா இருந்தா ஊக்கே தலைக்கு எதிரா நிக்கிறது மேலுடம்பு முழுக்க. நடுவில் ஒரு மூட்டு தளர்ந்தா அதுக்கு அந்தப் பக்கம் இருக்கிற எடை மட்டும்தான் அடிக்கும், மிச்சம் மடங்கிடும்.

அதனால அடி விழற நேரத்தில்: ஓடிக்கிட்டு இருக்கிற மூட்டை (பெக், மார்பு, முழங்கை) ஓட விடுங்க, அதை ஹோல்ட் ஆக்கினா நீங்களே பிரேக் போட்ட மாதிரி. ஓடாத மூட்டு எல்லாம் (கழுத்து, தோள், மணிக்கட்டு, ஆப்ஸ், லம்பர்) ஹோல்டில் இருக்கணும். ரிலாக்ஸ் எதுவும் இருக்கக் கூடாது. கழுத்தை விட்டுடறவங்க நிறையப் பேர். அடிச்ச அதிர்ச்சியில் சொந்தத் தலை ஆடி, அடுத்த டர்னில் எதிராளி கை அதில் படும்.

ரிலாக்ஸ் எங்கே உதவும்னா, அடிக்கு முன்னாடி. மார்பு சுத்தும்போது முழங்கையை ரிலாக்ஸில் விட்டா முன்கை பின்தங்கும். அப்புறம் மேற்கை மெதுவாகும்போது முன்கை சாட்டை மாதிரி முன்னாடி பாயும். மோட்டார் கொடுக்கிற வேகத்தைவிட இது அதிகமாவே வரலாம். பட்டு முடியறதுக்குள்ள முழங்கையை எக்ஸ்டெண்டுக்கு மாத்திடணும், இல்லைன்னா சாட்டை நுனி மட்டும் தொட்டுட்டுத் துவண்டுடும்.

---

கணுக்கால்:

அந்தச் சாட்டை அடியைப் புதுசா பழகுறவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். ரிலாக்ஸில் விட்ட முன்கை ஈர்ப்புக்குக் கீழே தொங்கும். ரெண்டு டர்ன் விட்டா கை இடுப்புக்கிட்ட இருந்து வரும், தலைக்குப் பதிலா விலாவில் படும். ஒரு டர்னுக்கு மேல ரிலாக்ஸ் கூடாது, அதுவும் மேற்கை தரைக்கு இணையா சுத்தும்போது மட்டும். முதல்ல மடிச்சு ஹோல்ட் பண்ணி நீட்டற குத்து ஒழுங்கா வரட்டும்.

---

ஃப்ரேம்கணக்கு:

ஒத்துக்கறேன். முதல்ல ஹோல்ட் குத்துதான்.

---

புதுடோரி:

எல்லாருக்கும் நன்றி. பாதத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன், வலது குதிகால் சறுக்கத்தான் செய்யுது. தோளும் அப்படியே, கை மேல ஏறித்தான் போயிருக்கு. முன்னங்காலை ஹோல்டில் வெச்சு, பெக்கை ஒரு டர்ன் தள்ளிப் போட்டதும் ஊக்கே தலை கழண்டுடுச்சு.

இன்னும் ரெண்டு சந்தேகம். ஃப்ரீ ப்ளேவில் ஷிப்ட் ஸ்பேஸ் போட்டு 34-ம் ஃப்ரேமில் முழங்கையை நீட்டறேன். மல்டிப்ளேயரில் 30, 40-ன்னு டர்ன் எல்லையில்தானே மாத்த முடியும்? அங்கே என்ன பண்றது? அப்புறம், ஒவ்வொரு மாற்றமும் நல்லதா கெட்டதான்னு எதை வெச்சு முடிவு பண்றது? தலை கழண்டுச்சா இல்லையான்னு மட்டும் பார்த்தா போதுமா?

---

ஃப்ரேம்கணக்கு:

முதல் சந்தேகம்தான் இந்த விளையாட்டோட மையம்.

டர்ன் எல்லையை நகர்த்த முடியாது, அடி விழற நேரத்தைத்தான் நகர்த்தணும். முழங்கையை 40-ல் மாத்துறீங்கன்னு வைங்க. கை 41-ல் தலையில் பட்டா முழங்கை இன்னும் வேகம் பிடிக்கலை. 49-ல் பட்டா நீண்டு முடிஞ்சு நின்னாச்சு. நீங்க எண்ணி வெச்ச முழங்கை ஃப்ரேம் எண்ணில் முக்கால் பங்குக்குக் கிட்ட அடி விழணும். உதாரணத்துக்கு, எண்ணினது 8-ன்னா அடி 46-ல் விழணும்.

இப்போ உங்க குத்து எந்த ஃப்ரேமில் படுதுன்னு ரீப்ளேயில் பாருங்க. 42-ல் படுதுன்னா நாலு ஃப்ரேம் சீக்கிரம். அதைத் தள்ளிப் போட வழிகள்: 0-ம் ஃப்ரேமில் மார்பை இன்னும் பின்னாடி திருப்பி ஓங்குங்க, கை வர வேண்டிய தூரம் கூடும். இல்லைன்னா முன்னங்காலைக் கொஞ்சம் குறைவா நகர்த்துங்க. 49-ல் படுதுன்னா தலைகீழா செய்யுங்க: ஓங்கல் குறைவு, நெருக்கம் அதிகம். ஓங்கலைக் குறைக்கிறதைவிட நெருங்கறது மேல், ஏன்னா ஓங்கல் குறைஞ்சா வேகம் குறையும்.

டர்ன் அளவு மோட்டுக்கு மோட் மாறும். சிலதில் முதல் டர்ன் நீளமாவும் அடுத்ததெல்லாம் குறைவாவும் இருக்கும். ஒரு மோட்டில் பழகின குத்தை இன்னொண்ணில் அப்படியே போட்டா எல்லா ஃப்ரேமும் தப்பும். ஆட்டம் தொடங்கறதுக்கு முன்னாடி டர்ன் ஃப்ரேமையும் இடைவெளி அளவையும் பாருங்க, ரெண்டும் கேம் ரூல்ஸில் இருக்கும்.

எதிராளி நகர்றதுதான் அடுத்தது. உங்க பக்கம் வர்ற தலையில் அடிச்சா ரெண்டு வேகமும் கூடும், விலகிப் போற தலையில் அடிச்சா கழியும். விலகிப் போறவரைத் துரத்தி அடிக்கிறது பலன் தராது, அந்த டர்னில் ஹோல்ட் பண்ணி ஓங்கலைக் காப்பாத்தி வைங்க. ஃப்ரீ ப்ளேவில் ஊக்கேவோட மூட்டையும் நீங்களே மாத்தலாம். அவரை முன்னாடி சாய வெச்சு ஒரு தடவை, பின்னாடி சாய வெச்சு ஒரு தடவை, மார்பைத் திருப்ப வெச்சு ஒரு தடவை அதே குத்தைப் போட்டுப் பாருங்க. நின்ன இடத்தில் நிக்கிற ஊக்கேவை மட்டும் அடிச்சுப் பழகினா மல்டிப்ளேயரில் முதல் டர்னிலேயே கணக்கு தப்பும்.

---

கணுக்கால்:

எதிராளி விலகறதைத் தடுக்க இன்னொரு வழி, பிடிக்கிறது. இடது கையில் வி அழுத்தி கிராப் போடுங்க, அவர் கையோ தோளோ தொட்டதும் ஒட்டிக்கும். ஒட்டினதும் இடது பெக்கையும் முழங்கையையும் கான்ட்ராக்ட், அவர் உங்க பக்கம் இழுபடுவார். அதே டர்னில் வலது கை பாயணும். மார்பு இழுபட்டு வரும்போது தலை பக்கவாட்டில் அடி வாங்கினா கழுத்தில் ரெண்டு பக்கமும் எதிரெதிர் விசை.

கவனிக்க வேண்டியது: இழுக்கிற கையும் உங்க மார்பைத் திருப்பும். இழுவையோட எதிர்விசை உங்க இடது தோளை முன்னாடி இழுத்து, மார்பு இடது பக்கம் திரும்புறதைத் தடுக்கும். அதனால ஒரு டர்ன் முன்னாடியே மார்பு திரும்ப ஆரம்பிச்சிருக்கணும். அடிச்சதும் கிராப்பை விட்டுடுங்க, இல்லைன்னா அவர் விழும்போது உங்களையும் சேர்த்து இழுத்துக்கிட்டு விழுவார். தரையைத் தொட்டா தகுதியிழப்பு இருக்கிற மோட்டில் அதோட ஆட்டம் போச்சு.

---

சாய்வுகோணம்:

எதை வைத்து அளப்பது என்ற கேள்விக்கு: தலை கழன்றதா இல்லையா என்பது ஆம், இல்லை என்ற இரண்டே பதில் தரும். வரம்பைச் சற்றே தாண்டிய குத்துக்கும் பெரிதாகத் தாண்டிய குத்துக்கும் அதில் வித்தியாசம் தெரியாது. திரையில் இருக்கும் புள்ளிகளைப் பயன்படுத்துங்கள்.

கேம் ரூல்ஸில் உறுப்புத் துண்டிப்பை அணைத்துவிடுங்கள், அல்லது அதன் வரம்பை மிக உயரமாக வையுங்கள். இப்போது தலை கழலாது, அடியின் பலம் புள்ளியாக மட்டும் வரும். முதல் தொடுதல் முடிந்ததும் நிறுத்தி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின் ஊக்கே தரையில் விழும் அடியும், உங்கள் முழங்கை இரண்டாவது முறை உரசுவதும் புள்ளியில் சேர்ந்துவிடும், அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

ஒரு முறைக்கு ஒரே ஒரு மாற்றம். எஃப் அழுத்தி அடிப்படைக் குத்தின் ரீப்ளேயைச் சேமியுங்கள். அதைத் திறந்து, மாற்ற வேண்டிய ஃப்ரேம் வரும்போது ஈ அழுத்தினால் அங்கிருந்து திருத்தலாம். அதற்கு முந்தைய எல்லா நகர்வும் அப்படியே இருக்கும். தோளை மட்டும் மாற்றி ஒரு எண், பெக்கை ஒரு டர்ன் தள்ளி ஒரு எண், மணிக்கட்டு ரிலாக்ஸில் ஒரு எண். கோப்பின் பெயரிலேயே மாற்றத்தை எழுதிவிடுங்கள், "தோள் உயர்வு 30" என்பது போல. இரண்டு மாற்றங்களை ஒன்றாகச் செய்து எண் கூடினால், ஒன்று கூட்டியதும் மற்றொன்று குறைத்ததும் தெரியாமலே போகும்.

முதலில் மாற்றிப் பார்க்க நான் சொல்வது மார்பு திரும்பத் தொடங்கும் ஃப்ரேம். ஷிப்ட் ஸ்பேஸில் 16, 18, 20, 22, 24 என்று ஐந்து ரீப்ளே எடுங்கள், மற்றவை மாறக் கூடாது. எண் ஏறி ஒரு இடத்தில் உச்சத்தைத் தொட்டு இறங்கினால், உச்சம் 20-க்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். 18-ல் என்றால் மார்பு இரண்டு ஃப்ரேம் முன்னதாகவே தொடங்கியிருக்க வேண்டும். எல்லை 20-தான் என்பதால் அடி விழும் நேரத்தை மேலே சொன்னபடி ஓங்கலைக் கூட்டி இரண்டு ஃப்ரேம் தள்ளுங்கள்.

---

புதுடோரி:

துண்டிப்பை அணைச்சு இப்போதான் ஆரம்பிச்சேன். 16, 18, 20 மூணும் எடுத்தாச்சு, 18 வரைக்கும் ஏறி 20-ல் குறையுது. மார்பைப் பின்னாடி ஓங்கறதை எப்படிக் கூட்டறது? 0-ம் ஃப்ரேமிலேயே திருப்பிட்டேனே, 10-ல் அது ஏற்கெனவே எல்லையில் நிக்குது.

---

ஃப்ரேம்கணக்கு:

எல்லையில் நின்னா மார்பில் இடம் இல்லை, இடுப்பில் எடுங்க. 0-ம் ஃப்ரேமில் வலது குளூட்டையும் மாத்தி, வலது பாதம் வெளிப்பக்கம் கொஞ்சம் விலகி ஊன்றுற மாதிரி பண்ணுங்க. இடுப்பே வலப்பக்கம் திரும்பி நிக்கும், அதுக்கு மேல மார்பு திரும்பும். கை வர வேண்டிய வளைவு நீளும். 10-ல் குளூட்டை ஹோல்டுக்கு மாத்த மறக்காதீங்க, இல்லைன்னா பின்னங்கால் தள்ளும்போது பக்கவாட்டில் வழுக்கும். கோஸ்டில் வலது பாதம் இடது பாதத்துக்கு நேர் பின்னால் இல்லாம, ஒரு பாத அகலம் வெளியே இருந்தா சரியா இருக்கு.